பன்னிரண்டு சாட்சிகள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, ஒரு பெரிய மனுஷரைப் பிடித்து இப்படியா பேசுவாள் என்று யாரும் என்னைத் திட்டக் கூடாது. என் பெயர் தாட்சாயணி. கொளத்தூரில் மீன் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தொட்டித் தண்ணீர் கெட்டுப்போனால் கூப்பிடுவார்கள், போய்ச் சரிசெய்வேன். முன்பெல்லாம் ஆசைக்கு மீன் வளர்க்கிறவர்கள்தான் கூப்பிடுவார்கள். இப்போது லைசென்ஸ் வாங்கித்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். மீன்கள் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டன அல்லவா!

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே நிலத்தடி நீர் உப்பாகிப் பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு குடியிருப்பும் தான் குளித்த, துவைத்த தண்ணீரையே மாடிக்கு ஏற்றிச் சுத்தம் பண்ணி மறுபடி குழாயில் விட்டுக்கொள்கிறது. ஆரம்பத்தில் அந்தத் தண்ணீரைக் கருவிகள்தாம் சோதித்தன. கட்டடக்காரர்கள் என்ன சொல்லச் சொன்னார்களோ அதைக் கருவிகள் சொல்லின. ஒரு மழைக்காலம் முழுக்க ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அப்புறம்தான் சாட்சித் தொட்டிச் சட்டம் வந்தது. தரைத்தளத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் பன்னிரண்டு மீன். மாடியில் சுத்தமான தண்ணீர் தொட்டியின் ஒரு மூலையில் சொட்டிக்கொண்டே இருக்கும். மீன் எப்படி மூச்சு விடுகிறது, எப்படி நீந்துகிறது என்று மேலே ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். நன்றாக இருந்தால் பச்சை விளக்கு. தவித்தால் மஞ்சள். நாலு மீன் விழுந்தால் சிவப்பு. அப்புறம் இருபத்தொரு நாளைக்கு அந்தக் கட்டடத்தின் குழாய்கள் பூட்டிக்கொள்ளும். சிவப்பு எரியும் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடம் விரும்பினால் தன் குழாய்த் தண்ணீரைக் கொடுத்து உதவலாம். மஞ்சளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து என் போன் ஓய்ந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் வில்லிவாக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். அமுதம் குடியிருப்பு, ஏ பிளாக். நான் போனபோது தொட்டிக்கு முன்னால் பாதிக் கட்டடம் கூடியிருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டியில் இருந்தவை மிஸ் கேரளா ரக மீன்கள். உடம்பில் சிவப்புக் கோடு போட்ட அழகான சாதி, ஆனால் ரொம்பத் தொட்டால்சுருங்கி. பன்னிரண்டும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ஏ பிளாக் செகரட்டரி துளசிங்கம் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"வாம்மா. ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். தண்ணியில தப்பு இருக்க சான்ஸே இல்ல. மாடிக் கருவியில குளோரின் பூஜ்யம்னுதான் காட்டுது. நேத்து ஆயுத பூஜை. முந்தாநாள் பூரா இந்தத் தொட்டிய நானே என் கைப்பட சுத்தம் பண்ணேன்."

தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஃபில்டர் பெட்டியைப் பார்த்தேன். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போல ஒரு முழம் சாமந்தி சுற்றியிருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே பஞ்சு இட்லி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"சார், இது புதுப் பஞ்சா?"

"பழசுதாம்மா! பாத்தா தெரியலல்ல?" அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஒரே பழுப்பு, கொழகொழன்னு சகதி. பிளீச்சிங் பவுடர்ல நாலு மணி நேரம் ஊற வெச்சேன். அப்புறம் கொதிக்கிற தண்ணி. அப்புறம் மொட்டை மாடி வெயில். தொழிற்சாலையில முப்பத்தாறு வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின் தொடச்ச கை இது. சும்மாவா?"

"அட கடவுளே! சார், நீங்க கழுவினது அழுக்கு இல்ல சார்! அதுதான் ஃபில்டரே! பஞ்சு வெறும் வீடு சார், அதுல குடியிருந்தவங்க எல்லாரையும் கொன்னுட்டு வீட்டுக்கு மாலை போட்டு வெச்சிருக்கீங்க!"

துளசிங்கத்தின் முகம் தொங்கிப்போனது. கொஞ்சம் அதிகமாகத்தான் கத்திவிட்டேன்.

"யாரும்மா குடியிருந்தாங்க?" என்று அமைதியாகக் கேட்டது ஒரு குரல். தொட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் மாடி மேரி ரோஸ்லின் டீச்சர் என்று யாரோ என் காதில் சொன்னார்கள். டீச்சர் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லத்தானே தோன்றும்?

"பாக்டீரியாங்க டீச்சர். மீன் போடுற கழிவு தண்ணியில அமோனியாவா மாறும். அது மீனுக்கு விஷம். ஒரு கூட்டம் பாக்டீரியா அந்த அமோனியாவத் தின்னு நைட்ரைட்டா ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதத் தின்னு நைட்ரேட்டா ஆக்கும். அது சாது, செடி குடிச்சிரும். இந்த ரெண்டு கூட்டமும்தான் அந்தக் கொழகொழ. அது மறுபடி வளர ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும்."

"ஒரு மாசமா!" என்றார் துளசிங்கம்.

சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டுகளை விட்டேன். அமோனியா இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்கும். இது கரும்பச்சை ஆனது. பன்னிரண்டு மீன் இரண்டு நாளில் போடும் கழிவுக்கு இது ரொம்ப அதிகமாச்சே என்று குனிந்து பார்த்தேன். தொட்டியின் அடியில், கூழாங்கல்லுக்கு நடுவே ஊறி உப்பிக் கிடந்தது பொரி. கூடவே பொட்டுக்கடலை.

"மீனுக்குப் பொரி போட்டது யாரு?"

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண்மணி மெதுவாக, "பூஜைப் பிரசாதமாச்சே, அதுங்களும் நம்ம கட்டடம்தானேன்னு ஒரு பிடி போட்டேங்க" என்றார். உடனே பக்கத்திலிருந்தவர், "நானும் ஒரு பிடி" என்றார். அப்புறம் வரிசையாகக் கை உயர்ந்தது. நாற்பது வீடு, நாற்பது பிடி. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் நான் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. துளசிங்கம் என்னைத் தனியாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். மேரி டீச்சருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வீட்டிலேயே டயாலிசிஸ். மஞ்சள் எரிந்தால் மற்றவர்கள் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம். டயாலிசிஸ் மெஷின் மட்டும் தானாக நின்றுவிடும். இன்றைக்கு வியாழன், நின்றுவிட்டது. எல்லாருக்கும் வீட்டிலேயே என்று ஆனபின் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவையே மூடிப் பல வருஷமாகிறது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு இடங்களில் விசாரித்தால் அடுத்த வியாழன்தான் என்கிறார்கள்.

"ஒரு தடவை தவறினா சமாளிச்சுக்கலாமாம். சனிக்கிழமையும் தவறினா உசுருக்கே ஆபத்துன்னு அவங்க டாக்டர் சொல்லிட்டாரும்மா." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து என் கையில் திணித்தார். "நீயே ஊத்திரும்மா. நான் ஊத்தினா கை நடுங்குது."

அது சாந்தச் சொட்டு. தடை செய்த சரக்கு. பத்துச் சொட்டு விட்டால் போதும், மீன்களுக்கு எந்த வேதனையும் தெரியாது, ஜாலியாக நீந்தும். கேமரா நம்பிவிடும். பத்து நிமிஷத்தில் பச்சை.

ஒன்று சொல்கிறேன், நான் உத்தமி இல்லை. அந்தப் பாட்டிலை உடனே வீசியெறியவில்லை. தொட்டிக் கண்ணாடி வழியே டீச்சரைப் பார்த்தேன். வீங்கிய காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டிக்கொண்டு மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் தப்பில்லை, தொட்டியில்தானே தப்பு, ஊற்றினால் என்ன என்று என் மனசு நன்றாகவே வாதாடியது. ஆனால் சாட்சிக்குச் சாராயம் வாங்கிக் கொடுக்கிறவளாக ஆகிவிட்டால் நாளைக்கு நான் வைக்கும் எந்தப் பச்சை விளக்கை யார் நம்புவது? பாட்டிலை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"சனிக்கிழமைக்குள்ள நேர்வழியிலயே பண்ணலாம் சார். ஆனா எனக்கு அழுக்கு வேணும். நல்லா வளர்ந்த, வருஷக்கணக்கா யாரும் தொடாத அழுக்குப் பஞ்சு. பக்கத்துல ஏதாவது சாட்சித் தொட்டி இருக்கா?"

அவர் மதில் சுவரைப் பார்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பி பிளாக். அதன் செகரட்டரி கமருன்னிசா. இரண்டு பிளாக்குக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், பி பிளாக் தொட்டி பார்க்கச் சகிக்கவில்லை, கண்ணாடியெல்லாம் பாசி, அமுதம் என்ற பெயருக்கே கேவலம் என்று ஒருவர் மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறார். ஒரு முறை இல்லை, ஒன்பது முறை. எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

"நீ மட்டும் போய்க் கேளேன்ம்மா."

"முடியாது. செகரட்டரி கையெழுத்து வேணும். டீச்சருக்காக வாங்க."

வந்தார். பி பிளாக் தொட்டியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பச்சைப் பாசி, செடி, நத்தை, நடுவில் கொழுகொழுவென்று பன்னிரண்டு மீன். துளசிங்கத்துக்கோ கை துறுதுறுத்தது. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கப் போனவரின் முழங்கையை நான் பிடித்து இழுத்தேன்.

கமருன்னிசா கேரட் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு வெளியே வந்தார். துளசிங்கம் சுற்றி வளைத்துச் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, "என்ன சார் வேணும்? திருப்பிச் சொல்லுங்க, சரியா காதுல விழல" என்றார்.

"அழுக்கு" என்றார் துளசிங்கம், தரையைப் பார்த்து.

"யாரு தொட்டி அழுக்கு?"

"உங்க தொட்டி அழுக்கும்மா."

"ஒம்போது மனுவுல எழுதினீங்களே, நோய்க்கிருமின்னு. அதேவா?"

"அதேதான். தப்பு என் மேலதான். மேரி டீச்சருக்கு சனிக்கிழமைக்குள்ள..."

கமருன்னிசாவின் கேலி அந்த இடத்தோடு நின்றது. "டீச்சருக்கா? என் மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவங்க சார். இத மொதல்லயே சொல்ல மாட்டீங்களா?" கத்தியை வைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டார். "பாதிப் பஞ்சு எடுத்துக்கோங்க. மீதி பாதி என் மீனுக்கு இருக்கட்டும். தொட்டித் தண்ணியும் பத்து வாளி கொண்டுபோங்க."

அப்புறம் மதில் சுவரின் மேலாகக் கை மாற்றிக் கை மாற்றி வாளிகள் போயின. ஏ பிளாக்கின் பழைய தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு இதை ஊற்றினோம். பொரியை ஒன்று விடாமல் உறிஞ்சி எடுத்தேன். பழுப்புப் பஞ்சை வெள்ளைப் பஞ்சின் மேல் பிழிந்தபோது அந்தக் கொழகொழ இறங்குவதைப் பார்த்துத் துளசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சையும் உள்ளே வைத்து மூடினேன். ஒருவரும் எதுவும் போடக் கூடாது, பிரசாதம் என்றாலும் சரி, என்று தொட்டி மேல் எழுதி ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை இன்னொரு பாதித் தண்ணீர் மாற்றினோம். அன்று சாயங்காலம் சோதனைக் குழாய் இளம்பச்சை காட்டியது. இரண்டு மீன் அடியில் சாய்ந்து கிடந்தன. நாலுக்கு இன்னும் இரண்டுதான் பாக்கி. டீச்சரின் முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்றுதான் கேட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழாயில் தெளிந்த மஞ்சள். அமோனியா பூஜ்யம். சாய்ந்திருந்த இரண்டும் எழுந்து நீந்தின. பத்தே கால் மணிக்கு டக்கென்று பச்சை விளக்கு எரிந்தது.

ஐயோ, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! விசில், கைதட்டல். யாரோ லட்டு கொண்டுவந்தார்கள். துளசிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். எனக்கும் மார் நிமிர்ந்துதான் போனது. "டீச்சர், மெஷின ஆன் பண்ணலாம், வாங்க" என்று அவருக்குக் கை கொடுத்தேன்.

டீச்சர் எழவில்லை.

"அந்த மூலைக்கு ஏம்மா ஒண்ணுகூட போகல?"

"எந்த மூலை?"

"தண்ணி சொட்டுதே, அந்த மூலை. மூணு நாளா பாக்கறேன். ஒடம்பு சரியில்லாதப்பவும் போகல. இப்ப நல்லா ஓடியாடுதே, இப்பவும் போகல. முன்னெல்லாம் அந்தச் சொட்டுக்குக் கீழதான் வெளையாடும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "பரீட்சை ஹால்ல முப்பது வருஷம் நின்னவ நான். பையன் எங்க பாக்கறான்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. எங்க பாக்காம இருக்கான்னு பாக்கணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டும் தொட்டியின் முக்கால் பாகத்தில் குஷியாகச் சுற்றின. அந்த மூலைக்கு ஒரு முழம் இருக்கும்போதே திரும்பிக்கொண்டன. மூச்சையும் நீச்சலையும் மட்டும் கணக்கெடுக்கிற கேமராவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் அந்த வெள்ளைப் பஞ்சைப் பார்த்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டேன் என்று தேடுவதை நிறுத்திவிட்டேன். தொட்டித் தண்ணீரை நாலு விதமாகச் சோதித்தவள், சொட்டுகிற தண்ணீரை ஒரு விதமாகக்கூடச் சோதிக்கவில்லை. மாடிக் கருவி பூஜ்யம் காட்டுகிறது என்று துளசிங்கம் சொன்னதை வைத்து விட்டுவிட்டேன்.

சொட்டை நேராகக் குழாயில் பிடித்தேன். குளோரினுக்கான மருந்து விட்டேன். ரோஜாப்பூ நிறத்துக்கு ஏறியது. தொட்டியில் விழுந்ததும் அது கலந்து கரைந்துவிடுகிறது. அந்த மூலையில் மட்டும்தான் மீனின் கண்ணையும் செவுளையும் எரித்திருக்கிறது.

"சார்," என்றேன். "மாடியில கரித் தொட்டின்னு ஒண்ணு இருக்குமே. குளோரின உறிஞ்சுறது. அதையும் கழுவினீங்களா?"

"கழுவாம?" என்றார் அவர், இன்னும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "ஆயுத பூஜையன்னிக்குக் காலையிலதாம்மா. ஒரே கறுப்பு! மூணு மூட்டை பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணி தெளியிற வரைக்கும்..." நிறுத்திவிட்டார்.

"அந்தக் கருவி?"

"அதையும் தொடச்சு, மூக்குல சந்தனம் வெச்சேன்."

சந்தனம் பூசிய மூக்குக்கு எதுதான் தெரியும்? பூஜ்யம் பூஜ்யம் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. லட்டு கொடுத்த பெண்மணி, "நாங்ககூட குழாயத் தொறந்தா சுத்தமான வாசனை வருதேன்னு சந்தோஷப்பட்டோமே" என்றார்.

"அந்தத் தண்ணி வயித்துக்குள்ள போனா தாங்கும்" என்றேன். "டயாலிசிஸ்ல ரத்தத்துக்குப் பக்கத்துல போகும். அங்க தாங்காது. மெஷின்ல இருக்கிற சின்ன வடிகட்டியால இவ்வளவையும் பிடிக்க முடியாது."

என் பைக்குள் இருந்த பாட்டிலை நினைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் பத்தே பத்துச் சொட்டு விட்டிருந்தால் மீன் எல்லா மூலைக்கும் போயிருக்கும். டீச்சரும் மாடிக்குப் போய் மெஷினை ஓட்டியிருப்பார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

துளசிங்கம் லட்டைக் கீழே வைத்தார். தொட்டிக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. செகரட்டரியே தன் கட்டடத்தைப் பூட்டிக்கொள்வதற்கு. சட்டத்தில் இருக்கிறதே தவிர, அதை அழுத்திய செகரட்டரியை நான் பார்த்ததே இல்லை. பச்சை விளக்கு எரியும்போது அழுத்துவதற்கு யாருக்கு மனசு வரும்? காரணம் என்ற இடத்தில் தன் பெயரையும் எழுத வேண்டும். செகரட்டரி பதவி அதோடு சரி.

அவர் ஒரு தடவை டீச்சரைப் பார்த்தார். மூடியைத் திறந்து அழுத்தினார். நாற்பது வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் அடங்கியது. படிவத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: காரணம், வே. துளசிங்கம். பிறகு மதில் சுவரிடம் போய், ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"கமருன்னிசாம்மா! இங்க சிவப்பு எரியுது! டீச்சர அங்க கூட்டிட்டு வரலாமா?"

"எரிஞ்சாச்சா? அப்ப கேக்க என்ன இருக்கு? சட்டுன்னு கூட்டிட்டு வாங்க சார்!"

அரை மணி நேரத்தில் எல்லாம் நடந்தது. நாலு பேர் மெஷினைத் தூக்கினார்கள். இரண்டு பேர் டீச்சரை நாற்காலியோடு தூக்கினார்கள். "மெதுவாப்பா, நான் ஒண்ணும் உற்சவ மூர்த்தி இல்ல" என்று டீச்சர் அதட்டிக்கொண்டே வந்தார். பி பிளாக்கில் சொட்டுத் தண்ணீரையும் வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் எல்லாவற்றையும் இரண்டு தடவை சோதித்தேன். கமருன்னிசாவின் கூடத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "பிரியாணி வாசனை வருது, எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும் செய்யறா பாரு" என்றார். அவர் குரலில் தெம்பைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

வாசலில் ஏ பிளாக்காரர்கள் வாளியும் குடமுமாக வரிசை கட்டி நின்றார்கள். இருபத்தொரு நாளைக்கு அந்த வரிசை இருக்கப்போகிறது. துளசிங்கம் மட்டும் உள்ளே வராமல் படிக்கட்டில் நின்றார். அங்கிருந்தபடியே கூடத்தை ஒரு நோட்டம் விட்டார்: ஜன்னலோரம் பாசி பிடித்த சின்ன மீன் தொட்டி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மின்விசிறி, தூசி படிந்த அலமாரி.

கமருன்னிசா தட்டோடு வந்து அவர் பார்வை போகிற இடமெல்லாம் பார்த்தார்.

"உள்ள வாங்க சார், சாப்பிடலாம். ஆனா ஒண்ணு, இங்க எதையும் கழுவக் கூடாது."

துளசிங்கம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.